சூரியன் தெற்கே உதிக்கும் ஊர்

மொன்றியலில் எல்லாரும் வடக்கு என்று சொல்வது
வடக்கு இல்லை.
ஆற்றை வைத்துத் தெருக்களுக்குக் கோடு கிழித்தவர்கள்
ஆறு வளைவதைப் பொருட்படுத்தவில்லை.
அதனால் எங்கள் சூரியன்
தெற்குத் தெருமுனையிலிருந்து ஏறி வருகிறது.
இதுவரை யாரும் முறையிட்டதில்லை.

நான் சுண்டெலிகளுக்குக் காவல்.
இரவு ஷிப்ட், நான்காம் மாடி,
ஜன்னல் இல்லாத அறை.
பதினேழாம் எண்ணின் மண்டையில்
முடியைவிட மெல்லிய கம்பி.
உள்ளே ஒரு வட்டச் சபை இருப்பதாக
ஃபாபியென் சொன்னாள்:
ஒரு செல்லுக்கு ஒரு திசை.
எலி அந்தப் பக்கம் பார்த்தால் மட்டும் அது பேசும்,
மற்ற நேரம் வாய் திறக்காது.
ஸ்பீக்கரில் கேட்டால்
மூடிய சட்டியில் சோளம் பொரிகிற சத்தம்.

சுவரில் ஒரே ஒரு விளக்குப் பட்டை.
அந்த எலிக்கு மலையும் கோபுரமும் மூலைக்கடையும்
அதுதான்.
அணைப்பேன்.
இருட்டிலும் சபை கலையாது.
எவ்வளவு திரும்பினோம், எந்தப் பக்கம் திரும்பினோம் என்று
கணக்கு வைத்துக்கொண்டேயிருக்கும்.
ஆனால் கணக்கு கசியும்,
ஒரு டிகிரி, இரண்டு டிகிரி,
சாவி குறைந்த கடிகாரம் பிந்துவதுபோல.
எலிக்குத் தெரியாது.
மீசையைத் துடைத்துக்கொண்டு
உறுதியாக நடக்கும்.

பிறகு விளக்கு.
கண் சிமிட்டுவதற்குள்
பேசிக்கொண்டிருந்தது வாயடைக்கும்,
தள்ளி இருந்தது பேசும்,
வட்டம் முழுக்க ஒன்றாக நகர்ந்து உட்காரும்.
ஃபாபியென் இதற்கு வைத்திருக்கும் பெயர் நீளமானது.
பதிவேட்டில் நான்
‘வந்துவிட்டது’ என்று எழுதுவேன்.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்.
மெட்ரோவில் என் வாசலை
பழுது பார்க்க மூடியிருந்தார்கள்.
அம்புக்குறி காட்டிய படிகளில் ஏறினேன்.
படி நடுவில் இரண்டு முறை மடங்கியது.
மேலே பனி.
எதிர்வரிசை இல்லை, தெருப்பலகை இல்லை.
வீடு இந்தப் பக்கம் என்றது உடம்பு.
உடம்பு சொன்னால் நடப்பதுதான்.
மூன்று தெரு.
தேவாலயம் இருக்கவேண்டிய இடத்தில்
டயர்க் கடை.
அப்போதும் வழி தவறியதாக நினைக்கவில்லை.
தேவாலயத்தை எங்கே கொண்டுபோனார்கள்
என்றுதான் நினைத்தேன்.

கடை வாசலில் பனி வாரிக்கொண்டிருந்தவரின்
சட்டையில் வில்னர் என்று தைத்திருந்தது.
மலை எந்தப் பக்கம் என்று கேட்டேன்.
மண்வாரியால் என் முதுகைக் காட்டினார்.
நம்பவில்லை. கொஞ்சம் கோபம்கூட வந்தது.
சொல்லுக்கெல்லாம் அந்தச் சபை
அசைந்து கொடுப்பதில்லை.

அப்போது பனி ஒரு மூச்சு நின்றது.
எனக்கு நேர் முன்னால்,
இருக்கவே கூடாத பக்கத்தில்,
ஆற்றங்கரை மாவு ஆலையின் சிவப்பு எழுத்துகள்
எரிந்தன.
அணைந்தன.
எரிந்தன.

ஊர் திரும்பியது.
நான் திரும்பவில்லை, பூட்ஸ் இரண்டும் நட்டது நட்டபடி.
டயர்க் கடை, வில்னர், பாலம், மூடிய வாசல்,
நடந்து வந்த மூன்று தெரு,
எல்லாம் ஒரே தட்டில் வைத்ததுபோல்
அரைவட்டம் சுழன்று
சத்தமில்லாமல் பொருந்தியது.
வயிற்றில் மட்டும் லிஃப்ட் இறங்கியது.
“வந்துவிட்டது” என்றேன்.
வில்னர் நிமிர்ந்து பஸ்ஸைத் தேடினார்.

மலை மேல், ஆறு கீழ்.
மேற்கு, கிழக்கு என்ற இரண்டு சொற்களையும்
இப்படி ஒரு சரிவில்
குளிரில் நின்ற யாரோதான்
முதலில் சொல்லியிருக்கவேண்டும்.

மறுநாள் இரவு
ஃபாபியென் சீட்டு ஒட்டியிருந்தாள்:
இருட்டில் பட்டையைத் தொண்ணூறு டிகிரி நகர்த்தவும்.
நகர்த்தினேன்.
விளக்கைப் போட்டேன்.
பதினேழு தலையைத் தூக்கியது,
சோளம் வேறொரு மூலையில் பொரிந்தது,
சபை மொத்தமும் எழுந்து
என் பொய்யின் பக்கம் போய் உட்கார்ந்தது.
எலி எப்போதும்போல உறுதியாக நடந்தது.

பதிவேட்டைத் திறந்துவைத்து
வெகுநேரம் பேனாவைப் பிடித்திருந்தேன்.